எடை இறங்கக் கூடாது

லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் தொண்டைப் புற்றுநோய் என்பதை எதிர் ஃபிளாட் டீச்சர் மருந்துக்கடையிலேயே மோப்பம் பிடித்துவிட்டார். எடை இறங்கினால் உடம்பு சிகிச்சையைத் தாங்காது என்று டாக்டர் எச்சரித்ததும் அவர் காதுக்கு எட்டியது.

அதனால்தான் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெக்கானிக்குக்கு பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடக்கிறார். மனைவிக்கோ கன்னம் உப்பியிருக்கிறது.

நலம் விசாரிக்கும் சாக்கில் உள்ளே நுழைந்தார். மனைவி காலை நீட்டி உட்கார்ந்து மசித்த முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மெக்கானிக் பாலில் வாழைப்பழம் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உனக்கே இது நல்லா இருக்கா? மனுஷன் துரும்பா இளைச்சுட்டாரு. நீ பாட்டுக்கு வெளுத்துக் கட்டறியே!"

மனைவி சிரித்துக்கொண்டே அடுத்த ஸ்பூனை வாயில் வைத்தாள்.

"டீச்சர், வியாதி எனக்கில்ல, இவளுக்கு" என்றார் மெக்கானிக்.

டீச்சர் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "அப்ப நீங்க ஏன் சார் இப்படி...?"

மனைவி கரகரத்த குரலில் முந்திக்கொண்டாள். "கட்டி என் தொண்டையில. சோறு இறங்காதது இவருக்கு! திங்கக்கிழமை எனக்கு ரேடியேஷன் கரண்ட் வைக்க ஆரம்பிக்கிறாங்க. போகப்போக முழுங்கறது கஷ்டமாம். அதான் இப்பவே ரெண்டு கிலோ ஏத்திட்டேன். நான் தேறிடுவேன் டீச்சர். என்னைக் கூட்டிட்டுப் போய் வர இவருக்குத் தெம்பு வேணாமா? நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு."

டீச்சர் எழுந்தார். அடித்த பாலை ஒரு டம்ளரில் ஊற்றி மெக்கானிக்கின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ம்... ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது!"