பெயர்ப்பலகையின் ஆழம்

மரப்பலகையில் எழுத்து வெட்டும் வீட்டு சிஎன்சி ரூட்டர் மெஷினுக்கு இப்போதெல்லாம் வெட்டும் ஆழத்தை யாரும் சொல்வதில்லை. உடம்பைக் கண்காணிக்கக் கையில் கட்டியிருக்கும் வாட்சைக் கேட்டு, ஒருவரின் பெயர் வாசலில் இன்னும் எத்தனை வருடம் தேவைப்படுமோ அதற்குத் தக்க ஆழத்தில் அதுவே வெட்டிவிடும்.

பலகையில் மனைவி ரோஸ்லினின் பெயர் மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அருளப்பனின் பெயர் வெறும் கீறல்.

"பலகை மட்டமா இல்ல போல," என்று அவர் மெஷினின் வெட்டுமுனையான பிட்டுக்கு அடியில் காகிதத் துண்டை நுழைத்து, அது உரசும் உயரத்தைச் சோதித்தார். சரியாகத்தான் இருந்தது. பலகையைத் திருப்பி வைத்து மறுபடி வெட்டினார். மறுபடியும் கீறல்.

"வேடிக்கையா இருக்கே! ரோஸ்லின், பிட்ட மாத்திப் பாப்பமா?"

கீறலை விரலால் தடவிய ரோஸ்லின் மெஷினை அணைத்தாள்.

"பிட்டு கிடக்கட்டும், சட்டையப் போடுங்க. டாக்டரப் பாத்துட்டு வந்து வெட்டுவோம், மூணு மில்லிமீட்டர்."