பத்து மணி மாத்திரை

"மாத்திரை முழுங்காதவளுக்கு டீ கிடையாதும்மா. அது எங்க அண்ணாச்சி சட்டம்" என்றாள் ராதாமணி.

பேட்டியை எழுதிக்கொண்டிருந்த இந்துஜா நிமிர்ந்து பார்த்தாள்.

எச்.ஐ.வி. மருந்தை விடாமல் சாப்பிடுகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஆராயும் குழுவோடு அவள் மதுரையிலிருந்து கோவில்பட்டி வந்து இரண்டு வாரம் ஆகிறது. கேட்டதெல்லாம் விட்டுப்போன கதைகள்தான். விருந்தாளி வந்ததால் விட்டது, ஒளித்து வைத்த இடம் மறந்ததால் விட்டது. ராதாமணி ஒருத்திதான் ஏழு வருடத்தில் ஒரு வேளைகூட விடாதவள். ரத்தத்தில் கிருமியைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று வருடா வருடம் ரிப்போர்ட் வருகிறது.

இத்தனைக்கும் அவள் புருஷனை இழந்து, அண்ணன் வீட்டின் ஒற்றை அறையில் ஆறு பேருக்கு நடுவே ஒண்டியிருப்பவள். நோய் விஷயம் அந்த ஆறு பேருக்கும் தெரியாது.

"தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குதேன்லா? எங்க முதலாளி செண்பகராஜ் அண்ணாச்சி காலைல பத்து மணிக்குப் பெல் அடிப்பாவ. நாப்பது பேரும் வரிசையில நிக்கணும். ஆளுக்கொரு ரத்த மாத்திரை. அவியவிய சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எது இருந்தாலும் அப்பவே போட்டுக்கிடணும். அந்தக் கூட்டத்துல நானும் என் மாத்திரைய வாயில போட்டுருவேன். முன்னால ரெண்டு வேளை இருந்துச்சு. புது மாத்திரை வந்த பெறகு அந்த ஒரு வேளைதான். லீவு நாள்ல மட்டும் கோயிலுக்குப் போற சாக்குல போட்டுக்கிடுவேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"ரத்த மாத்திரைன்னா இரும்புச்சத்து மாத்திரையா?"

"ஆமா. ரத்தம் இருந்தாத்தான வேலை வாங்க முடியும்" என்று சிரித்தாள் ராதாமணி.

இந்துஜாவுக்குப் பகீரென்றது. அந்தப் புது மாத்திரையோடு இரும்புச்சத்தையும் சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. நடுவில் சில மணி நேரம் விட வேண்டும். இதுவரை ரிப்போர்ட் நன்றாக வந்ததே அதிர்ஷ்டம். அது எத்தனை நாளைக்கு?

"அந்த ரத்த மாத்திரைய மட்டும் விட்டுருங்கக்கா."

"எப்படிம்மா? முழுங்குத வரைக்கும் கையவே பாத்துக்கிட்டு நிப்பாவ. ஏன் வேண்டாங்கேன்னு கேள்வி வரும். கேள்வி வந்துட்டா வேலையும் போயிரும், வீடும் போயிரும்."

"சரி, நானே வந்து நேரத்த மாத்தச் சொல்றேன். உங்க பேரு என் வாயில வராது."

மறுநாள் பத்து மணிக்கு இந்துஜா, தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் அந்தத் தொழிற்சாலையில் இருந்தாள். பெண்கள் ஆரோக்கியம் பற்றிய ஆய்வு என்று பொதுவாகச் சொல்லியிருந்தாள். பெல் அடித்தது. வரிசையின் முன்னால் செண்பகராஜ் ஜெயில் வார்டன் மாதிரி நின்றார்.

"கறக்கப்போற மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைக்காவ" என்று வரிசையில் நின்ற ஜானகியம்மாள் முணுமுணுக்க, நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ராதாமணி முன்பின் தெரியாதவள் போல இந்துஜாவைத் தாண்டிப் போனாள்.

சரியான கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தபடி இந்துஜா அவர் அறைக்குள் போனாள்.

"சட்டுனு சொல்லுங்க. லோடு ஏத்தணும்."

"இந்த மாத்திரைய எப்ப ஆரம்பிச்சீங்க?"

"ஏழு வருசம் ஆச்சு. ஒரு பிள்ளை மயங்கி விழுந்துட்டா. நாந்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். இன்னொரு தடவை அந்த அலைச்சல் நமக்கு ஆகாது."

"நல்லதுதான் அண்ணாச்சி. ஆனா, இரும்புச்சத்து மாத்திரைய சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப கொடுங்களேன்."

"எதுக்கு?"

"வயித்துக்கு ஒத்துக்கும்."

"இப்ப ஒத்துக்கிட்டுத்தான் இருக்கு. பத்து மணின்னா பத்து மணிதான்."

"சில மருந்துங்களோட அது சேராது அண்ணாச்சி."

"எந்த மருந்தோட?"

சொன்னால் ராதாமணியின் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் ஒருநாள் உயிரே போகும்.

"பொதுவாச் சொன்னேன்."

செண்பகராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க ஆளுகள்ல யாரையும் உங்களுக்குத் தெரியுமா?"

"யாரையும் தெரியாது."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பீரோவிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தார். இந்துஜா எழுத்துக்கூட்டாத குறையாக இரண்டு தடவை படித்தாள். வெறும் பி காம்ப்ளக்ஸ். இரும்புச்சத்து துளிகூட இல்லை.

"இது..."

"மெதுவாப் பேசுங்க. மொதல்ல இரும்புச்சத்துதான் கொடுத்தேன். நாலு வருசத்துக்கு முன்ன அந்த மயங்கி விழுந்த பிள்ளை கையில இருந்த மாத்திரை மாறியிருந்துச்சு. இங்கன விசாரிச்சா ஊருக்குத் தெரிஞ்சிரும்னு திருநெல்வேலிக்குப் போயி ஒரு டாக்டர்ட்ட கேட்டேன். இரும்புச்சத்து அதோட சேராதுன்னாரு. அன்னைக்கே மாத்திட்டேன். இவளுவகிட்ட இன்னமும் ரத்த மாத்திரைன்னுதான் சொல்லுதேன்."

"அப்ப இந்தப் பெல்லு, வரிசை எல்லாம்..."

"ஒருத்தி மட்டும் தெனமும் மாத்திரை போட்டா, எதுக்குன்னு நாப்பது பேரு கேப்பாளுவ. நாப்பது பேரும் போட்டா எவ கேப்பா? ஆஸ்பத்திரிச் சீட்டைப் பாத்து நமக்குத் தெரிஞ்சுபோச்சுங்கிறது அந்தப் பிள்ளைக்கே தெரியாது."

இந்துஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனிதரையா கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

செண்பகராஜ் கையைக் காட்டித் தடுத்தார்.

"அது யாருன்னு மட்டும் கேக்காதீங்க. நீங்க எவ்வளவு பெரிய ஆபீசரா இருந்தாலும் சரி, அந்தப் பேரு என் வாயில வராது."