ஜன்னலுக்கு முதுகு காட்டிய செடி

செடி என்றால் வெளிச்சத்தின் பக்கம் சாயும். தையல்காரர் வளர்த்த அவரைச்செடி மட்டும் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றது. தொட்டியைத் திருப்பி வைத்தாலும் மதியத்துக்குள் பழையபடி வளைந்துகொண்டது.

நான்காம் நாள்தான் அவருக்குப் பிடிபட்டது. அவர் மனைவி பஸ் ஓட்டுகிறவள். அவள் பஸ் எந்தத் திசையில் இருக்கிறதோ, அந்தப் பக்கம் குருத்து சாய்ந்தது. அது வாசலைப் பார்த்ததும், அவள் வந்துவிட்டாள் என்று அவர் சாப்பாட்டைச் சுட வைப்பார்.

“இருபது வருஷத்துல நீங்க என்னை இப்படித் தேடியிருக்கீங்களா?” என்று அவள் செடியைத் தடவினாள்.

“நான் வளைஞ்சா இடுப்பு பிடிச்சுக்கும்மா,” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. செடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். குருத்தோ தெருக்கோடியை நோக்கி நீண்டிருந்தது. பிறகு கண்ணெதிரே மெல்லத் திரும்பி வாசலுக்கு வந்தது. கதவை யாரும் தட்டவில்லை. குருத்து இன்னும் திரும்பி, சாப்பாட்டு மேஜையில் காலியாக இருந்த மூன்றாவது நாற்காலியில் நிலைத்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“யாரா இருந்தா என்ன, வந்தவங்களைப் பட்டினியா அனுப்பறதா?” என்று அவள் எழுந்தாள். அவர் மூன்றாவது தட்டைக் கழுவி வைத்தார்.

சாப்பாட்டின் நடுவில் அவள் நாற்காலியிடம் சகஜமாகக் கேட்டாள்: “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?”

காற்றே இல்லாத அறையில் குருத்து இரண்டு முறை தலையாட்டியது. அவள் சிரித்தபடி இன்னொரு கரண்டி போட்டாள்.