பாதியில் நின்ற கீதம்

"பிளக்கைப் பிடுங்கினது யாருய்யா?"

கேட்டவர் வியாபாரிகள் சங்கத் தலைவர். இரும்புக் கடை வச்சிருக்கார். எல்லையில சண்டை மூளும்போல இருக்குன்னு செய்தி வந்ததிலேர்ந்து பேச்சுக்குப் பேச்சு "தேசம், தேசம்"ங்கறதால, கடைவீதியில அவருக்குப் பேரே 'தேசம்'.

அன்னிக்குச் சங்கத்து ஹால்ல நாட்டுப்பற்றுக் கூட்டம். தேசிய கீதத்தோட ஆரம்பிக்கணும்னு ஏற்பாடு. மைக்செட்காரர் செல்போன்ல பாட்டைத் தட்டிவிட்டு விறைப்பா நின்னார். டமடமன்னு மேளம் முழங்குச்சு, பின்னாடியே ஊதல் எழும்புச்சு. மொத்தக் கூட்டமும் நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்துச்சு. அவ்வளவுதான், பொசுக்குன்னு சத்தம் நின்னுபோச்சு.

திரும்பிப் பார்த்தா, கடைசி வரிசையில, மைக்செட் மேஜைக்குப் பக்கத்துல, மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். கையில பிளக்கு.

வேற யாராவதா இருந்தா கவனப்பிசகுன்னு விட்டிருப்பாங்க. இவர் ஏற்கெனவே பேரைக் கெடுத்துக்கிட்டவர். போன மாசக் கூட்டத்துல எழுந்து, "தலைவரே, பொறந்த இடத்துமேல பாசம் யாருக்கும் இருக்கும். ஆனா அடுத்த நாட்டுக்காரனைத் திட்டாம அதைக் காட்டவே முடியலையே. அப்புறம் அது எப்படி நல்ல குணத்துல சேரும்?"னு கேட்டுத் தொலைச்சார். அன்னிலேர்ந்து கடைவீதியில பாதிப் பேர் அவர் கடைப் படி ஏறறதில்லை.

"கால் தடுக்கிடுச்சுங்க."

"கால் தடுக்கினா பிளக்கு எப்படிய்யா கைக்கு வரும்?"

தேசம் மேடையை விட்டு இறங்கி வந்தார். "அந்த ஆரம்ப இசையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சு, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இந்தா பாரு, ஈரம்கூடக் காயலை. அதைப் பாதியில நிறுத்த உனக்கு எப்படிய்யா மனசு வந்துச்சு?"

"துரோகி."

"சங்கத்தை விட்டுத் தூக்குங்க."

"அந்த ஒயர்லயே கட்டி வைங்க."

முந்தின வாரம் இன்னொரு கூட்டத்துல மைக் கரகரன்னு இழுத்ததுக்கே, வேணும்னு பண்றியான்னு ஒருத்தரோட செட்டை அடிச்சு நொறுக்கியிருக்காங்க. இந்தக் கோபம் எந்த நிமிஷம் தன் பக்கம் திரும்புமோன்னு, மைக்செட்காரர் அவசர அவசரமா பிளக்கைச் சொருகினார்.

"முதல்லேர்ந்து போடுய்யா"ன்னார் தேசம்.

மைக்செட்காரர் போனை எடுக்கப் போனார். ஆனா பிளக்கு ஏறறதுக்கு முன்னாடியே கண்ணாடிக் கடைக்காரர் பாட்டை நிறுத்தி, போனைக் கவிழ்த்து, மேல கையை வச்சிருந்தார்.

"போட வேண்டாம். தப்பு என்னோடது, எல்லாரும் மன்னிச்சுக்குங்க. அதுக்குத் தண்டனையா நானே பாடறேன். கூடப் பாடுங்க."

யாரும் பதில் சொல்றதுக்குள்ள ஆரம்பிச்சுட்டார். தேசிய கீதம் பாடறவனை நடுவுல திட்ட முடியுமா? எல்லாரும் மறுபடி விறைச்சாங்க. மூணாவது வரியிலேயே பாதிக் கூட்டம் முணுமுணுப்புக்கு இறங்கிடுச்சு. தேசத்தோட வாய் நல்லாத்தான் அசைஞ்சுது, சத்தம்தான் வரலை. கடைசி வரி வரைக்கும் பிசகாமப் பாடினவர் துரோகி ஒருத்தர்தான்.

இருந்தாலும் இனிமே அவரைச் சங்கத்துல சேர்க்கறதில்லைன்னு தீர்மானம் போட்டுட்டுத்தான் கூட்டம் கலைஞ்சுது.

ஹால் காலியானதும் ஒயரைச் சுருட்டிக்கிட்டே மைக்செட்காரர் பொரிஞ்சார்.

"நான் பார்த்தேண்ணே. நீங்க குனிஞ்சு, வேணும்னேதான் பிடுங்கினீங்க. உங்க கொள்கை உங்களோட இருக்கட்டும். என் பிழைப்புல ஏன் மண்ணை அள்ளிப் போடறீங்க?"

"ஆமா, வேணும்னுதான் பிடுங்கினேன். அந்தப் போனைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க."

திருப்பினார். நிறுத்தின பாட்டு அப்படியே நின்னுக்கிட்டிருந்துச்சு. திரை முழுக்க ஒரு கொடி. நம்ம கொடி இல்லை. பக்கத்து நாட்டுக் கொடி.

மைக்செட்காரர் அப்படியே ஸ்பீக்கர் பெட்டி மேல உட்கார்ந்துட்டார்.

"ஐயையோ, மத்தியானம் ஓட்டிப் பார்த்தப்போ சரியாத்தானே பாடுச்சு. அது முடிஞ்சதும் தானா அடுத்ததுக்குத் தாவியிருக்கு. நான் பார்க்காமயே தட்டிவிட்டுட்டேனே."

"எந்த நாட்டுக் கீதமா இருந்தா என்ன, ஆரம்பம் மேளமும் ஊதலும்தான். யாருக்கும் வித்தியாசம் தெரியலை. எனக்குப் போன் பக்கத்துல இருந்ததால கண்ணுல பட்டுச்சு. கொஞ்சம் விட்டிருந்தா பாட்டு வரி வந்திருக்கும், மொழி காட்டிக் கொடுத்திருக்கும்."

அந்தக் கூட்டம் செட்டை என்ன பண்ணியிருக்கும், தன்னை என்ன பண்ணியிருக்கும்னு நினைச்சுப் பார்த்தார் மைக்செட்காரர்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுண்ணே. ஆனா தலைப்பாகை உங்களோடதால்ல போச்சு."

"என்னைப் போன மாசமே துரோகின்னு சொல்லியாச்சு, பழகிடுச்சு. நீங்க தாங்க மாட்டீங்க."

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அதுக்குள்ள வாசல்ல செருப்புச் சத்தம். தேசம்தான். கண்ணாடிக் கடைக்காரரைப் பார்க்காத மாதிரி நேரா மைக்செட்காரர்கிட்ட வந்தார். போன் மறுபடி கவிழ்ந்துச்சு.

"பாதியில நின்னாலும் அந்த ஆரம்ப இசை காதுலயே நிக்குதுய்யா. என் போனுக்கு அனுப்பிவிடு, தினமும் அதைக் கேட்டுட்டுத்தான் கடையைத் திறக்கப்போறேன். என்ன இருந்தாலும் நம்ம நாட்டு இசையாச்சே, வேற எவன் பாட்டைக் கேட்டு எனக்கு இப்படிக் கண்ணு கலங்கும்?"