நானூற்று எண்பத்தொன்றாவது வரி

கழக்கூட்டம் ஊரிலுள்ள மென்பொருள் அலுவலகத்தில் சுஜா எழுதிக்கொண்டிருந்த புரோகிராமுக்கு வேலை ஒன்றுதான். திரையில் ஒரு விண்டோவைத் திறந்து, அதில் வரைய அனுமதி தரும் டிவைஸ் கான்டெக்ஸ்டைப் பிடித்து, அதற்குரிய வரைபரப்பைக் கேட்டு வாங்க வேண்டும். விண்டோவின் உயரம் நானூற்று எண்பது புள்ளி வரிகள். வாங்கிய பரப்பில் நானூற்று எண்பத்தொன்று இருந்தன.

"கடைசி வரியை வெட்டிக் களைஞ்சிருங்க சேச்சி," என்றாள் பக்கத்து இருக்கை ஜிஜி. "டெமோவுல யாரு எண்ணிப் பாக்கப் போறா?"

"ஒவ்வொரு தடவையும் அது வேற மாதிரில்லா வருது."

சுஜா அந்த வரிகளை மட்டும் சேமித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாள். மூன்றாம் நாள் அந்த அடுக்கில் ஒரு தலையின் சுருட்டை முடி தெரிந்தது. நான்காம் நாள், இடப் புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. கப்பல் வேலைக்குப் போன அவள் கணவன் பிரஜினுக்கு அங்கேதான் தழும்பு. அவனிடமிருந்து போன் வந்து ஐம்பது நாளாகியிருந்தது. கம்பெனியைக் கேட்டால், விசாரிக்கிறோம் என்றார்கள்.

அதன்பிறகு அவள் சாப்பிடக்கூட எழவில்லை. ரன் பண்ணினாள், ஒரு வரி வந்தது, மறுபடியும் பண்ணினாள். கண்கள் திறந்திருந்தன. வாய் ஏதோ சொல்ல வந்ததுபோல் இருந்தது. கழுத்துக்குக் கீழே வந்த வரிகளெல்லாம் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே நீலம்.

ஜிஜி அவள் தோளில் கை வைத்தாள்.

"நீலச் சட்டையாக்கும் போட்டிருக்காரு. பயப்படாண்டாம் சேச்சி."

சுஜா தலையாட்டினாள். கப்பலுக்குக் கிளம்பும்போது பிரஜினின் பெட்டியை அடுக்கியவள் அவள்தான். அதில் நீலத்தில் ஒரு துணிகூட இல்லை.