மடக்கி வைத்த கண்ணாடி

போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் ஒரு கார் நின்றது. அதன் பின்னால், இடது ஓரமாக, அது தெருமுக்கில் இடித்துத் தள்ளிய சைக்கிள். சைக்கிளை ஓட்டி வந்தவர் அங்கேயே செத்துப்போனார். வழக்கு முடியும்வரை இரண்டுக்கும் இதுதான் இடம்.

“இண்டிகேட்டர் போட்டுத்தான் இடது பக்கம் திரும்பினேன். பெரிய வண்டி மேல்தான் தப்பு என்று ஊரே சொல்லும். வந்து விழுந்தது நீ,” என்றது கார்.

“நான் நேராகப் போனேன். நீதான் குறுக்கே திரும்பினாய். அவர் மணி அடித்துக்கொண்டே வந்தார்.”

“மணியா? எனக்குக் கேட்கவே இல்லையே. கண்ணால் பார்த்த சாட்சி இருக்கிறதா?”

சைக்கிள் காரின் இடப்பக்கக் கண்ணாடியைக் கேட்டது. “நீ சொல்லுப்பா. எங்களைப் பார்த்திருப்பாயே.”

“எங்கே பார்த்தேன்? கீறல் விழுமென்று, வண்டி வாங்கிய அன்றே என்னை மடக்கி வைத்துவிட்டார்கள். ரோட்டையே நான் பார்த்ததில்லை.”

“சாட்சி இல்லை. அவ்வளவுதான்,” என்றது கார்.

“இப்போது பார்க்கட்டுமா?” என்றது கண்ணாடி.

இலைகூட அசையாத அந்த மத்தியானத்தில் அது தானாக விரிந்தது. அதன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. வேப்பமரம் தெரிந்தது. சைக்கிள் தெரிந்தது. சைக்கிள் சீட்டில் அந்தச் செத்துப்போனவர் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் மணியின் மேல் இருந்தது.

“மடங்கிக்கொள்,” என்று கெஞ்சியது கார்.

மணி அடித்தது. இந்த முறை காருக்குக் கேட்டது.