நாக்கு நுனி

"கசக்காதீங்க. கையை எடுங்க, சொல்றேன்ல."

ராஜாத்தி புருஷனின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வைக்கோல் கட்டைத் தூக்கும்போது தாள் ஒன்று இளையபெருமாளின் கண்ணைக் கீறிவிட்டது. குடிக்கக் கொண்டுவந்த நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவிப் பார்த்தாள். உறுத்தல் போகவில்லை. மனுஷன் கண்ணைத் திறக்க முடியாமல் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உள்ளே வைக்கோல் சுணை முள்ளா நிக்குது ராஜாத்தி. நாக்கு நுனியால ஒரு தடவு தடவினா வந்துடும்."

அந்த ஊரில் அதுதான் வழக்கம். கண்ணில் தூசி, உமி எது விழுந்தாலும் நாக்கால் எடுத்துவிடுவார்கள். அதற்கென்றே ராசிக்காரி ஒருத்தி உள்ளூரிலேயே இருக்கும்போது எவன் மெனக்கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போவான்?

நாத்தனார் செவ்வந்தியும் சேர்ந்துகொண்டாள். "ஒரு நிமிஷ வேலை அண்ணி. இதுக்குப் போயி தஞ்சாவூரா?"

அறுப்பு நேரத்தில் ஒரு நாள் பாழாகிறதே என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். ராஜாத்தி அசைவதாக இல்லை.

"போன மாசம் தங்கையன் அண்ணனுக்கும் ஒரு நிமிஷ வேலைதான். இப்ப அவருக்கு அந்தக் கண்ணு தெரியுதா?"

ராஜாத்தி மொபெட்டை எடுத்தாள். இளையபெருமாள் முனகிக்கொண்டே பின்னால் ஏறினார்.

டாக்டர் ரிஃப்கா சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்தார். சுணையெல்லாம் ஒன்றும் இல்லை, கருவிழியில் விழுந்த கீறல்தான் அப்படி உறுத்துகிறது, மருந்தில் ஆறிவிடும் என்றார்.

"நல்லவேளை, நேரா இங்கே வந்தீங்க. கீறல்ல நாக்கு பட்டிருந்தா கிருமி ஏறியிருக்கும். போன மாசம் உங்க ஊர்க்காரர் ஒருத்தருக்கு அப்படித்தான் பார்வை போச்சு. யார் எடுத்தாங்கன்னு எத்தனையோ தடவை கேட்டேன். நல்ல மனசுக்காரங்க டாக்டர்னு சொன்னாரே தவிர, பேரைச் சொல்லலை."

ராஜாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் விடவில்லை. "யாரும்மா அவங்க? நானே உங்க ஊருக்கு வந்து அவங்ககிட்ட பேசறேன்."

"நீங்க அவ்வளவு தூரம் வர வேண்டாம் டாக்டர்," என்றாள் ராஜாத்தி. "இங்கேயே பேசிடுங்க. அது நான்தான்."